குளிரை வேண்டும் மலர்

(பொத்துவிலில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



 

இன்றைய கூட்டத்தின் பொருள் இன்னதென்று விளம்பரத்தாள் வெளிவந்த நாள் முதலாக, கடற்காற்றும் கச்சானும் மாறி மாறி வீசுகின்ற இந்த வெண்மணற் பூமியில் நின்றுகொண்டு, பனி மூடிய நாடுகளிலே பூக்கும் பாப்பி மலரைப் பற்றிப் பேசுவானேன் என்று என்னிடம் வினவியவர் பலர். வினா நியாயமானதே. ஆயினும் ஆண்டுதோறும் ஏப்ரல் பருவத்திலே நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வாகனம் பிடித்து, சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாய, பண்டாரவளை, வெலிமடை என்று ஏறி நுவரெலியாவுக்குச் சென்று, அங்கே கண்ட பூக்களின் சௌந்தரியத்தில் மனம் பறிகொடுத்து, நாற்றும் விதையுமாக வாங்கி வந்து நம் வளவுகளிலே நட்டு, இரண்டு வாரம் செல்வதற்குள் அவை கருகிப்போகக் கண்டு, “கண்ணூறு பட்டுவிட்டது” என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணூறுக்கு உரிய உண்மைக் காரணத்தைச் சொல்வதும், அந்த மலர் எத்தகைய வாழ்க்கையினால் அத்தகைய அழகைப் பெற்றதென்று விளக்குவதும், அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று நம் வயற்பாதை ஓரத்திலேயே நிற்பதைச் சுட்டிக்காட்டுவதுமே என் நோக்கம்.

பாப்பி என்பது ஒரு தனிச் செடியின் பெயரன்று. பெருங் குடும்பத்தின் பெயர். அபின் தருகின்ற கசகசாச் செடி அக்குடும்பத்தின் புகழும் பழியும் ஒருங்கே பெற்ற உறுப்பு. அதனை ஒருபுறம் வைத்துவிட்டு, அழகுக்காக மட்டுமே தோட்டங்களில் வளர்க்கப்படுகின்ற, கடுங்குளிரைத் தாங்கி ஆண்டாண்டாக உயிர்வாழ்கின்ற ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். தாவர சாஸ்திரிகள் அதனைப் ‘பப்பாவர் ஓரியந்தாலே’ என்பார்கள். கீழைப் பாப்பி என்று நாம் வழங்கலாம். இதன் தாயகம் துருக்கியின் வடகிழக்கு மலைப் பிரதேசமும், காக்கேசிய மலைகளும், ஈரானின் வடமேற்குப் பகுதியும் ஆகும். பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயியின் ஆணையினால் 1700ஆம் ஆண்டு உஸ்மானியப் பேரரசின் நாடுகளுக்குப் பிரயாணம் புறப்பட்ட ஜோசப் பிற்றன் தூர்னெபோர் என்ற தாவர அறிஞர், ஓவியர் ஒருவரையும் மருத்துவர் ஒருவரையும் துணைக்கொண்டு எர்சுரூம் நகரத்துச் சுற்றுப்புறங்களிலே தாவரங்களைத் திரட்டியபொழுது, இச்செடியைக் கண்டு விதை சேகரித்துப் பாரிஸ் அரச தோட்டத்துக்கு அனுப்பினார். அவ்விடத்து மக்கள் இதன் பசுங்காயை அதன் காரத்தையும் பொருட்படுத்தாது தின்றார்கள் என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார். ஆக, மேல்நாட்டுத் தோட்டங்களின் அணிகலன் என்று நாம் எண்ணும் இந்தப் பூ, ஆதியில் முஸ்லிம் நாடுகளின் மலைச்சாரலிலிருந்து அங்கே குடிபோனதுதான்.

வாலிபப் பிராயத்தில் படிப்பின் நிமித்தம் நான் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்திலே, நான் குடியிருந்த வீட்டின் முற்றத்தில் இச்செடி ஒன்று நின்றது. மே மாதத்து இறுதி. செடியோ பார்வைக்கு முரடு. இலைகள் பிளவுபட்டு, தண்டு முதல் மொட்டு வரை வெள்ளை மயிர்கள் நிமிர்ந்து நிற்க, தொட்டால் கையை உறுத்துகின்ற தன்மையது. மொட்டு சிறு கோழிமுட்டையின் பருமன் இருக்கும். காலையில் அதன் இரு புறவிதழ்களும் நடுவிலே வெடித்து, உள்ளே செந்நிறக் கீற்றொன்று தெரியத் தொடங்கும். வெயில் ஏற ஏற அவ்விரண்டு புறவிதழ்களும் கழன்று தரையில் விழுந்துவிடும். பூவுக்குக் காவலாக இருந்த உறைக்குப் பூ மலர்ந்தபின் அங்கே வேலை இல்லை. பிறகு, பெட்டியின் அடியிலே பல நாள் கசங்கிக் கிடந்த பட்டுச் சேலையை எடுத்து உதறி விரித்தாற்போல, நான்கு முதல் ஆறு வரையான இதழ்கள் சுருக்கம் நீங்கி விரிகின்றன. மற்றைய பூக்கள் பலவற்றில் இதழ்கள் மொட்டுக்குள்ளே ஒழுங்காகச் சுற்றியோ மடிந்தோ இருக்க, பாப்பியிலோ ஒரு நியதியுமின்றி நெருக்கித் திணிக்கப்பட்டுக் கிடக்கின்றன. அந்தச் சுருக்கத்தின் ரேகைகள் மலர்ந்த பின்பும் முற்றாக மறைவதில்லை. மெல்லிய தாள் போன்ற இதழ் ஊடாக வெயில் பாயும்போது, ஒளி பூவின்மேல் விழுகிறதா, பூவிலிருந்தே எழுகிறதா என்று மயங்கவேண்டியிருக்கும். ஒவ்வோர் இதழின் அடியிலும் கரிய மறு ஒன்று உண்டு. நடுவிலே கருநீல மகரந்தக் கேசரங்கள் வட்டமாகச் செறிந்து நிற்கும். ஒரு பூ நான்கு விரற்கடை முதல் ஒரு சாண் வரை அகலம் கொள்ளும்.

இப்பூவில் தேன் இல்லை. தேனீக்கள் மகரந்தத்தை நாடியே வருகின்றன. கிழக்கு மத்தியதரைக் கடற்கரையில் காட்டுப் பாப்பிகளை ஆராய்ந்தோர், அங்கே சிவப்பு நிறத்தைக் காணவல்ல ஒருவகை வண்டுகளே இவற்றையும், இதே வடிவும் இதே நிறமும் கொண்ட வேறு சில மலர்களையும் தேடி வருகின்றன என்று கண்டனர். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு ஒரு வண்ணமாகவே தோன்றாது என்பதை நினைத்துப் பார்க்கின், அந்தச் செம்மையும் அந்தக் கரிய மறுவும் யாருக்காகத் தீட்டப்பட்டவை என்பது விளங்கும். நம் கண்ணுக்கு அழகாக இருப்பது தற்செயல் என்று விஞ்ஞானி சொல்வான். இறைவனின் கொடை என்று நாம் சொல்வோம். இரண்டுக்கும் பகை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காட்டுச் செடியில் நிறம் செம்மை ஒன்றே. இன்று தோட்டங்களில் காணும் இளஞ்சிவப்பும் வெண்மையும் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. இங்கிலாந்திலே அமோஸ் பெரி என்ற நாற்றுப் பண்ணைக்காரர், 1906ஆம் ஆண்டு, தம் நாற்றுக்களிடையே வெளிறிய செம்மஞ்சட் சாயல் கொண்ட ஒன்றைக் கண்டு, அதற்குத் தம் மனைவியின் பெயரையே சூட்டினார். சில ஆண்டுகள் கழித்து வாடிக்கையாளர் ஒருவர், தாம் சிவப்பென்று வாங்கி நட்ட பாத்தியில் வெள்ளைப் பூ ஒன்று தோன்றி முழு அமைப்பையும் கெடுத்துவிட்டதென்று சீறிக் கடிதம் எழுத, பெரி அந்தக் குற்றவாளிச் செடியைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக வேறு கிழங்குகளைக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினார். புகாருக்கு ஆளான அந்தச் செடியே ‘பெரியின் வெள்ளை’ என்ற பெயரோடு உலகமெங்கும் பரவிற்று. வாடிக்கையாளரின் கோபத்திலும் லாபம் காண அறிந்த வியாபாரி அவர் என்பதை இச்சபையிலுள்ள கடைக்காரர்கள் நன்கு உணர்வீர்கள்.

இதனினும் என் மனத்தைக் கவர்வது வில்லியம் வில்க்ஸ் என்ற கிறிஸ்தவப் போதகரின் வரலாறு. லண்டனுக்கு அணித்தான ஷேர்லி என்னும் ஊரில் அவர் பணிபுரிந்த காலத்திலே, 1880ஆம் ஆண்டளவில், வயலை ஒட்டிய தம் தோட்டத்து மூலையில் களையாக முளைத்திருந்த சாதாரணச் செம்பாப்பிகளுள் ஒன்றின் இதழோரத்தில் மெல்லிய வெண்கரை ஓடியிருப்பதைக் கண்டார். அந்த ஒரு பூவுக்கு அடையாளம் கட்டி, அதன் விதையை மட்டும் எடுத்து விதைத்தார். மறு ஆண்டு முளைத்தவற்றுள் வெண்கரை பெற்றவை சிலவே. அவற்றைத் தெரிந்து, மற்றவற்றைப் பிடுங்கி, இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு பொறுமையோடு தேர்ந்து தேர்ந்து, கரிய மறு முற்றாக நீங்கி, நடு வெளுத்து, வெண்மையும் ரோஜா வண்ணமும் கலந்த ஓரினத்தையே உண்டாக்கிவிட்டார். அதுதான் ஷேர்லி பாப்பி. அது ஓராண்டுச் செடி. ஆதலால் நம் பொருளுக்குச் சற்று விலகியதே. ஆயினும் கோடிக்கணக்கான மனிதர் களையென்று மிதித்துச் சென்ற செடியில், ஓரத்து வெண்கோட்டைக் கண்ட அந்தக் கண்ணைப் போற்றாமல் அப்பால் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனிக் குளிரின் கதைக்கு வருவோம். பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை செல்சியஸ் வரை வெப்பநிலை வீழ்கின்ற இடங்களிலும் கீழைப் பாப்பி மாள்வதில்லை. அதன் இரகசியம் வேரில் இருக்கிறது. செடியின் அடியிலே தடித்த சதைப்பற்றுள்ள ஆணிவேர் ஆழமாக இறங்கி உணவைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஜூன் மாதத்தில் பூத்து முடிந்ததும், கோடை வெப்பம் ஏறத் தொடங்கியவுடன் இலைகள் பழுத்துச் சருகாகி, செடி மண்ணுக்குள்ளே ஒடுங்கிவிடும். பார்ப்போர் செத்துவிட்டதென்றே நினைப்பார்கள். ஆனால் செப்டெம்பர் மாதத்துக் குளிர்ந்த காற்று வீசியதும் புதிய இலைக்கொத்து ஒன்று தரையோடு தரையாக முளைத்து, பனிக்காலம் முழுவதையும் பனிப் போர்வையின் கீழேயே கழித்து, வசந்தத்தில் தண்டு விட்டு எழும். நமக்குக் கோடையே சாதாரணம், குளிரே துன்பம். அதற்கோ கோடைதான் துயிலும் பருவம். அந்தக் குளிரின் மாதங்களைக் கடந்தாலன்றி அது பூக்க முற்படுவதுமில்லை. குளிர் அதற்குத் தண்டனையன்று, காலக்கணிதம்.

இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் நீர்தான். வேர் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஆகையால் நீர் வடிகின்ற மண்ணிலே, வெயில் படும் இடத்தில் நட்டு, ஒருமுறை நட்டபின் இடம் பெயர்க்காமல் விட்டுவிடுவதே தோட்டக்காரர் கொள்ளும் முறை. பெயர்க்க நேர்ந்தால், அறுந்து மண்ணில் தங்கிய வேர்த்துண்டு ஒவ்வொன்றும் தனிச்செடியாக முளைத்துவிடும். விரலளவு வேர்த்துண்டுகளை மணற்பாங்கான மண்ணில் ஊன்றியே இதனைப் பெருக்குகிறார்கள். கோடையில் இது ஒடுங்கியபின் பாத்தியிலே வெற்றிடம் ஒன்று தோன்றும். ஜெர்ட்ரூட் ஜீக்கில் என்ற புகழ்பெற்ற ஆங்கிலத் தோட்டக்கலை அம்மையார், இதன் பின்னால் வெண்பொடிப் பூக்கள் பூத்துப் பரந்து படரும் ஜிப்சோபிலா என்னும் செடியை நட்டு, அந்த வெற்றிடத்தை மூடுமாறு கூறினார். தோட்டம் என்பது இடத்தில் மட்டுமன்றிக் காலத்திலும் வரையப்படும் சித்திரம் என்பதை அறிந்தவர் அவர்.

குளிர் தாங்கும் பாப்பிகளுள் இன்னொன்று ஐஸ்லாந்து பாப்பி. பெயர் இவ்வாறிருப்பினும் அதன் சுதேசம் ஐஸ்லாந்து அன்று. சைபீரியாவும் மங்கோலியாவும் சார்ந்த வட ஆசியப் பிரதேசங்களே. தரையோடு ஒட்டிய இலைக்கொத்திலிருந்து, இலையே இல்லாத நூல் போன்ற தண்டுகள் எழுந்து, தலை கவிழ்ந்த மொட்டைத் தாங்கி நிற்கும். மலரும்போது மொட்டு நிமிரும். மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று மென்மையான நிறங்கள். பல்லாண்டு வாழும் இயல்புடையதாயினும், வெப்பத்தைப் பொறாமையால் ஓராண்டு அல்லது ஈராண்டுச் செடியாகவே இதனைத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். கொய்து பூச்சாடியில் வைப்போர், வெட்டிய தண்டின் நுனியை ஒரு கணம் சுடரில் காட்டிப் பாலை உறையச் செய்துவிடுவார்கள்; இல்லையேல் பூ விரைவில் வாடும். நீலகிரியிலும் நம் மலைநாட்டிலும் பாப்பி வளர்க்க விரும்புவோர்க்கு இதுவே ஏற்றது.

ஹக்கல தாவரவியற் பூங்காவை நீங்கள் அறிவீர்கள். வெலிமடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், செங்குத்தான பாறைமலையின் அடியிலே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் அது இருக்கிறது. 1861ஆம் ஆண்டு, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான சின்கோனாவைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காக ஏற்பட்ட இடம் அது; பிற்காலத்தில் குளிர்நாட்டுச் செடிகளின் காட்சிச்சாலையாயிற்று. தமிழ்நாட்டவர்க்கு உதகமண்டலத்தில் 1848ஆம் ஆண்டு தொடங்கிய அரசினர் பூங்கா எப்படியோ, நமக்கு இது அப்படி. இந்தப் பொத்துவிலில் முப்பது பாகை வெப்பம் இருக்கும் பகல் வேளையில், ஹக்கலவில் இருபதை ஒட்டியே இருக்கும். அதற்கப்பால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி மாதத்து இரவுகளிலே தரைப்பனி உறைந்து காய்கறித் தோட்டங்களைக் கருக்குவதும் உண்டு.

ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. நுவரெலியாவில் குளிர் உண்டு, குளிர்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீதோஷ்ணம். லண்டனிலே நடுக்கோடைப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு நீள, நடுக்குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைகிறது. நுவரெலியாவிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. உறங்கவும் விழிக்கவும் பருவத்தின் சைகையை எதிர்பார்க்கின்ற கீழைப் பாப்பிக்கு, மலைநாட்டிலும் அந்தச் சைகை கிடைப்பதில்லை. ஆகவே ஓராண்டுச் செடியாக வளரத்தக்க பாப்பிகளே அங்கே பொருந்தும். பொத்துவிலின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். இரவிலும் இருபத்திரண்டு பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்குகின்ற வெப்பம். வாடைக்காற்றோடு கொட்டித் தீர்க்கும் மார்கழி மழை. அதன்பின் கச்சானின் வறட்சி. போதாக்குறைக்குக் காற்றிலே உப்பு. இந்த நான்கில் ஒன்றே அந்தச் செடியை மாய்க்கப் போதும். கண்ணூறுக்கு இங்கே வேலையே இல்லை.

இதே குடும்பத்தின் இளவரசி என்று சொல்லத்தக்க இமயத்து நீலப் பாப்பியின் பிடிவாதத்தைப் பார்த்தால் நம் தோல்வி பெரிதாகத் தோன்றாது. ‘மெக்கனோப்சிஸ்’ என்பது அதன் சாஸ்திரப் பெயர். வானத்தின் தெளிந்த நீலம் அதன் நிறம். திபெத்திலும் யுன்னானிலும் அலைந்த யாத்திரிகர்கள் அதனைக் கண்டனர். பிராங்க் கிங்டன் வார்ட் என்பார் 1924ஆம் ஆண்டுப் பிரயாணத்தில் விதை கொணர்ந்து, இரண்டாண்டுகளில் லண்டன் மலர்க்காட்சியிலே அது பூத்து நின்றபோது, மக்கள் வியந்து திரண்டனர். ஆனால் பணமும் ஆளும் உடைய இங்கிலாந்தின் தென்பகுதித் தோட்டங்களிலேயே அது சரியாக வாய்க்கவில்லை; ஈரமும் குளிர்ச்சியும் மிகுந்த ஸ்கொட்லாந்துதான் அதற்கு இசைந்தது. உத்தராகண்டத்தின் மலர்ப் பள்ளத்தாக்கிலே இதன் முள்ளுடைய வகையொன்று பாறையிடுக்குகளில் பூக்கிறது. பூத்தானோ நீலப் பாப்பியைத் தன் தேசிய மலராகவே கொண்டிருக்கிறது.

முகலாயர் நாட்டில் இம்மலருக்குக் கிடைத்த வேறொரு வாழ்வையும் சொல்லவேண்டும். ஷாஜஹான் காலத்துக் கம்பளங்களிலும் கூடாரத் துணிகளிலும் நூலோரச் சித்திரங்களிலும், ஒற்றைத் தண்டில் நிமிர்ந்து நிற்கும் பாப்பி மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. வெப்ப நாட்டில் சில வாரமே நிற்கும் மலரைப் பட்டிலும் வண்ணத்திலும் நிலைபெறச் செய்த ரசனை அது. இன்றைக்கும் வட இந்தியச் சமவெளிகளில் ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் பூக்கவைக்கிறார்கள். அங்கே உண்மையான குளிர்காலம் இருக்கிறது.

இப்பொழுது நம் ஊருக்கு வருகிறேன். வயற்பாதை ஓரத்திலும், வெறும் வளவுகளிலும், குப்பைமேட்டருகிலும், நீலம் கலந்த பச்சை இலையில் வெள்ளை நரம்புகள் ஓட, விளிம்பெல்லாம் முள்ளாக நிற்கும் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆடும் அதனைக் கடிப்பதில்லை. பிரமதண்டு என்றும் குடியோட்டிப்பூண்டு என்றும் அதனை அழைப்பார்கள். அது பாப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியரின் கப்பல்கள் வழியாக வந்து, வெப்பநாடுகளின் வறண்ட பூமியெங்கும் குடியேறிவிட்ட மெக்சிக்கோ நாட்டுச் செடி. நாளைக் காலையில் ஒரு பூவை அருகிருந்து பாருங்கள். அதே சுருக்கம் விழுந்த பட்டிதழ். எலுமிச்சை மஞ்சள் நிறம். அதே கேசர வட்டம். நடுவிலே சிவந்த சூல்முடி. தண்டை ஒடித்தால் மஞ்சட்பால் கசியும். முள் நிறைந்த காய் முற்றி நுனியில் வெடிக்கும்போது, உள்ளே கடுகு போன்ற கரிய விதைகள் இருக்கும்.

கடுகு போன்றவை என்று சொன்னேன், அதில்தான் ஆபத்து. அந்த விதையின் எண்ணெய் கடுகெண்ணெயிற் கலந்துவிட்டால், உண்டவர்க்குக் கால் வீங்கி, மூச்சு இரைத்து, இருதயம் தளர்ந்து மரணமும் சம்பவிக்கும். இந்த நோய் 1877ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் அறியப்பட்டது. 1998ஆம் ஆண்டு தில்லியில் பரவி அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பூவைப் பார்த்து மகிழுங்கள்; கைவைத்தியம் என்று சொல்லிப் பாலையோ விதையையோ வாயில் வைக்கவேண்டாம்.

வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நோன்புக் காலத்துச் சர்பத்திலும் பலூடாவிலும் நாம் ஊறவைக்கும் கசகசா துளசி இனத்துச் செடியின் விதை, அதில் தோஷமில்லை. ஆனால் இந்தியாவில் குருமாவுக்கு அரைக்கும் வெண்ணிறக் கசகசா, அபின் பாப்பியின் விதை. சவூதி அரேபியாவிலும் அமீரகத்திலும் அது தடுக்கப்பட்ட பண்டம். பொதியிலே ஒரு பிடி அகப்பட்டாலும் பிள்ளை சிறை செல்ல நேரலாம். நம் நாட்டிலும் 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அபின் பாப்பியைப் பயிரிடுவதைத் தடை செய்கிறது. அழகுக்கு என்று சொல்லி வெளிநாட்டிலிருந்து இனம் தெரியாத பாப்பி விதையை வரவழைப்போர் இதனை மனத்தில் கொள்ளவேண்டும்.

இறுதியாக, இந்தப் பூ நம் தேசத்தின் அரசியலிலே புகுந்த வரலாறு. முதலாம் உலக யுத்தத்தில் பீரங்கிகளால் கிளறுண்ட பிளாண்டர்ஸ் பூமியில், பல்லாண்டாக மண்ணில் உறங்கிய காட்டுப் பாப்பி விதைகள் வெளிச்சம் பட்டதும் முளைத்து, சவக்குழிகளிடையே செந்நிறமாகப் பூத்தன. அதனால் அது மாண்ட வீரர்களின் நினைவுச் சின்னமாகி, 1921ஆம் ஆண்டு முதல் பிரித்தானியப் பேரரசெங்கும் நவம்பர் 11ஆந் தேதியில் காகிதப் பாப்பி விற்கப்பட்டது. இலங்கையிலும் விற்றார்கள். திரண்ட பணத்தின் பெரும்பகுதி கடல் கடந்து சென்றது. அதே யுத்தத்தில் ஈடுபட்ட இலங்கையர்க்குக் கிடைத்தது சொற்பமே. இதனைக் கண்டித்து 1931ஆம் ஆண்டு ஏலியன் பெரேரா என்பவர், அதே நாளில் சூரியமல் என்று சிங்களத்தில் வழங்கும் பூவரசம்பூவை விற்கத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டு முதல் இளைஞர் இயக்கத்தினர் அதனை ஏகாதிபத்திய எதிர்ப்பின் அடையாளமாக்கினர். ஆங்கிலப் பெண்மணியான டொரீன் யங் அம்மையாரே, பூக்களின் போர் என்ற பொருள்படும் தலைப்பில் கட்டுரை எழுதிச் சூரியமலின் பக்கம் நின்றார். மறு ஆண்டு தொடங்கி நாட்டை உலுக்கிய பெரும் மலேரியாக் கொள்ளையில் இவ்வியக்கத்தினர் கிராமம் கிராமமாகச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தனர். அவர்களுள் பலர் 1935ஆம் ஆண்டிறுதியில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர்.

அவர்கள் தெரிந்தெடுத்த பூவின் பொருத்தத்தை எண்ணி நான் வியப்பதுண்டு. பூவரசம்பூவும் கிண்ணம் போல விரிகிறது. அதன் இதழடியிலும் கருஞ்சிவப்பு மறு உண்டு. காலையில் மஞ்சளாக மலர்ந்து மாலையில் சிவந்து வாடுகிறது. உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் வறட்சிக்கும் அஞ்சாத விருட்சம் அது. பாப்பிக்குப் பனி எப்படியோ, அப்படி இதற்கு இந்தக் கடற்கரை. அறுகம்பைக் களப்போரத்தில் அது நிற்பதைக் காணாதவர் இங்கே இல்லை. 

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த ஏப்ரலில் மலைநாடு செல்வோர் ஹக்கலவில் இறங்கி, பாத்திகளருகே சற்று நேரம் நின்று, கண்ணாரப் பார்த்து வாருங்கள்; நாற்றையும் விதையையும் அங்கேயே விட்டுவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது, கைத்தடிப் பருமனுள்ள பூவரசங் கிளைகளை வெட்டி, பாடசாலை வேலியோரத்திலும் பள்ளிவாசல் வளவிலும் முழ ஆழம் ஊன்றி விடுங்கள். அந்த மழையிலேயே அவை வேர்விடும். மாடு கடிக்காமல் ஓராண்டு முள் அடைத்துக் காக்கும் பொறுப்பை மாணவர்களிடம் ஒப்படைக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.